‘முடிந்தவரை’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

ஜப்பானில் உள்ள அமெரிக்கப் படைகள் பற்றிய விஷயங்களைப் பேசி முடிவெடுக்கும் அமெரிக்க-ஜப்பான் கூட்டுக் குழுவினருக்கும், ஜப்பானின் ஒகினாவா தீவில் ஃபுடென்மா தளத்தில் இருக்கும் அமெரிக்க மரைன் வான்படைப் பிரிவுகளின் தளபதிகளுக்கும்,

வணக்கம். நான் ஒகினாவாக்காரன் அல்ல. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவன். பி.டி. பீரியட் மணி அடித்ததும் பிள்ளைகள் மைதானத்துக்கு எப்படி ஓடுவார்கள் என்று தினமும் பார்க்கிறவன். அதனால்தான், பள்ளிகளின் மேல் உங்கள் விமானங்கள் பறப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

2017 டிசம்பர் 13, காலை பத்து மணி தாண்டியிருந்தது. கினோவான் நகரில் உங்கள் தளத்து வேலியை ஒட்டி நிற்கும் ஃபுடென்மா இரண்டாம் தொடக்கப் பள்ளியின் மைதானத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மேலே போன சிஎச்-53இ ஹெலிகாப்டரின் ஜன்னல் ஒன்று சட்டத்தோடு கழன்று அங்கே விழுந்தது. நீளமும் அகலமும் சுமார் 90 சென்டிமீட்டர், எடை 7.7 கிலோ. தெறித்த கல் ஒரு பையனின் கையில் பட்டது. நல்லவேளை, அதோடு போயிற்று. மனிதத் தவறு என்றீர்கள். ஆறே நாளில் அதே ரக ஹெலிகாப்டர்கள் மறுபடி பறந்தன.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மைதானத்தைத் திரும்பத் திறந்தபோது, விமானம் நெருங்கினால் குரல் கொடுக்கவென்றே ஆட்களை நிறுத்தினார்கள். குரல் கேட்டதும் பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓட வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான முறை ஓடியிருக்கிறார்கள். 2018இல் மைதானத்து ஓரத்திலேயே கான்கிரீட் கூரை போட்ட ஒதுங்கிடம் கட்டினார்கள். மழைக்கு ஒதுங்க அல்ல, வானத்திலிருந்து விழுவதற்கு ஒதுங்க!

தளத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது யார் குற்றம் என்று சிலர் கேட்கிறார்கள். 1945இல் தளம் வருவதற்கு முன்பே அங்கே கிராமங்கள் இருந்தன. போர் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் நிலம் வேலிக்குள் போயிருந்ததைக் கண்டார்கள். தளத்தைத் திருப்பித் தருவதாக 1996இல் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டு, ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் என்று கெடுவும் வைத்தன. சரி, அந்தப் பெரிய வழக்கை இங்கே பேசவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம்.

அதே 1996இல் கூட்டுக் குழு ஒரு சத்தக் கட்டுப்பாட்டு உடன்பாடு செய்தது. பள்ளிகள், மருத்துவமனைகள் மேல் பறப்பதை ‘முடிந்தவரை’ தவிர்ப்போம் என்கிறது அது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை பறப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு, ஆனால் படைக்குத் ‘தேவையானவை’ தவிர. ஜன்னல் விழுந்த பிறகு கொடுத்த வாக்கிலும் அதே ‘முடிந்தவரை’. அடுத்த மாதம், 2018 ஜனவரி 18 அன்று, மூன்று ஹெலிகாப்டர்கள் அந்தப் பள்ளியின் மேலே பறந்ததாக ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. உங்கள் தரப்பு மறுத்தது. கல்யாணத்துக்கு அழைக்கும்போது “முடிந்தால் வருகிறேன்” என்பவருக்கு நாங்கள் இலை போட்டு வைப்பதில்லை. அந்தச் சொல்லின் பலம் அவ்வளவுதான்.

உங்கள் விமானிகளின் உயிரும் எனக்கு உயிர்தான். 2023 நவம்பரில் ஜப்பானின் யகுஷிமா தீவு அருகே ஆஸ்ப்ரே ரகப் படை விமானம் கடலில் விழுந்து எட்டு அமெரிக்க வான்படையினர் இறந்த செய்தியைப் படித்து நொந்தேன். நன்றாகப் பராமரித்த இயந்திரமும் ஒருநாள் கைவிடும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படிக் கைவிடும்போது கீழே பள்ளி மைதானம் இருக்கக் கூடாது.

அதனால் உடன்பாட்டைத் திருத்துங்கள். பள்ளி நடக்கும் நேரத்தில் எந்தப் பள்ளியின் மேலும் பறப்பதில்லை என்று, ‘முடிந்தவரை’ இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மீறினால் எந்தப் பிரிவு, எத்தனை மணிக்கு, எதனால் என்று அன்றே அறிவியுங்கள்.

எனக்குப் பதில் வேண்டாம். அதை ஜப்பானிய மொழியில், பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதி, அந்தப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்