சிங்க்ல கெடக்கற வட்டல்

சாந்தி புள்ள,

நல்லா இருக்கியா. கவிதாவுக்கு ஆவணில கல்யாணம்னு படிச்சதும் மனசு நெறஞ்சு போச்சு, மாப்பிள்ளை ஊடு உடுமலைன்னா ஆனைமலைல இருந்து பக்கம்தான், நெனச்சா போய்ப் பாத்துட்டு வந்துரலாம். அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்குது? இங்க கொழிஞ்சாம்பாறைல எல்லாரும் சொகம், அத்தைக்கு மட்டும் சுகர் ஏறி ஏறி எறங்குது, பெரியவ எர்ணாகுளத்துல வேலைக்குப் போறா, சின்னவன் பிளஸ் ஒன் சேந்துட்டான்.

உன்ற லெட்டர்ல கடைசில ரெண்டு வரி எழுதியிருந்த பாரு, எல்லாரும் தின்னு போட்டுப் போனதுக்கப்பறம் சிங்க்கைப் பாத்தா அழுகை வருது, இதைப் போய் யார்கிட்ட சொல்றதுன்னு. அதுக்குத்தான் இவ்வளவு பெரிய பதில். என்கிட்ட சொல்லு புள்ள. இதெல்லாம் ஒரு விஷயமான்னு உங்கூட்டுல சொன்னாங்கன்னா நீ அதைக் காதுல போட்டுக்காத, மூணு வேளை, வருஷம் பூரா, அதே ரெண்டு கை, அது எப்படி ஒண்ணுமில்லாத விஷயம் ஆகும்.

எங்கூட்டு சிங்க்ல ராத்திரி ஒம்பதரைக்கு என்ன கெடக்கும்னு சொல்றேன் கேளு. எங்கூட்டுக்காரரு வட்டல்ல கறிவேப்பிலை, முருங்கக்கா சக்கை, வரமொளகா எல்லாம் ஓரமா ஒதுக்கி வெச்சுருப்பாரு, அது பரவால்ல, அதை யாரும் திங்க முடியாது, ஆனா அது மேலயே கையைக் கழுவி அந்தத் தண்ணியோட அப்படியே கொண்டு வந்து மத்த பாத்திரத்து மேல வெச்சுருவாரு. சின்னவன் ரெண்டு தோசை கேட்டு வாங்குவான், ஒன்னரை தின்னுட்டு மீதிய சட்னில ஊற வெச்சுட்டு எந்திரிச்சுருவான், போனு கைல இருந்தா எந்திரிச்சது அவனுக்கே தெரியாது. டீ குடிச்ச டம்ளர் ஜன்னல்ல ஒண்ணு, டிவி மேல ஒண்ணு, உள்ள பிஸ்கட் கரைஞ்சு அடில காஞ்சு கெடக்கும். இன்னொண்ணு இருக்குது, எனக்கு எல்லாத்தையும் விட அதுலதான் கோவம் பொத்துக்கிட்டு வரும், குண்டால ஒரே ஒரு கரண்டி கொழம்பை மிச்சம் வெச்சு மூடி பிரிட்ஜுக்குள்ள தள்ளி வெக்கறது. அது யாரும் திங்கறதுக்காக வெச்சது இல்ல, காலி பண்ணுனவங்க தலைல குண்டாவைக் கழுவற வேலை வந்துரும்ல, அதுக்கு.

இங்க மார்கழி தைல வீசற காத்து உனக்கே தெரியும், வாளையார் கணவாய் வழியா கெழக்க இருந்து வர்ற வரக்காத்து, கொடில போட்ட துணிக்கு முன்னாடி வட்டல்ல இருக்கற சோறு காஞ்சுரும். சோறு ஈரமா இருக்கறப்ப வெரல்ல தொட்டாலே வந்துரும், தண்ணி வத்திருச்சுன்னா அதுல இருக்கற மாவு பசையாகி எறுகி எவர்சில்வர்ல பிடிச்சுக்கும், அப்பறம் கம்பி நார் போட்டு தோள்பட்டை நோகத் தேய்க்கோணும். தின்னு முடிச்ச கையோட ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி வெச்சா ஊறித் தானா கழண்டுரும். ஒரு டம்ளர் தண்ணிதான் புள்ள நான் கேக்கறது. முட்டை தின்ன வட்டலுக்கு மொதல்ல பச்சத்தண்ணி ஊத்தோணும், சுடுதண்ணி ஊத்துனா முட்டை வெந்து இன்னும் ஒட்டிக்கும், எண்ணெய்க்கு நேர் எதிரா சுடுதண்ணி வேணும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா ஒறைஞ்சுரும், குளுருற காலைல மீன் வறுத்த சட்டி வெள்ளையா பூத்துக் கெடக்கும், அதுல நேரா விம் பாரைப் போட்டுத் தேச்சா நாரு பூரா அப்பிக்கிட்டு அடுத்த பாத்திரமும் பிசுபிசுங்கும். இதெல்லாம் எங்கூட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும், ஏன்னா கழுவறது நான் மட்டும்தான்.

தண்ணியும் எங்க பக்கம் சும்மா வர்றது கெடையாது. ஆழியாத்துல இருந்து மணக்கடவு வழியா தமிழ்நாடு கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி குடுக்கோணும்னு ஒப்பந்தம், அது வந்துச்சா வரலையான்னு வருஷா வருஷம் பேச்சுதான், எருத்தேம்பதி வடகரப்பதி பக்கமெல்லாம் கோடைல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறாங்க. சிங்க் பைப்பை நல்லா தொறந்து வுட்டா நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் போயிரும். காஞ்ச வட்டலுக்கு எவ்வளவு நேரம் பைப் ஓடுது, உடனே அலசுன வட்டலுக்கு எவ்வளவு நேரம் ஓடுதுன்னு ஒரு நாள் நின்னு பாத்தாங்கன்னா போதும்.

உங்கம்மா பொடக்காணில உக்காந்து தேங்கா நார்ல சாம்பல் தொட்டு வெளக்குவாங்கல்ல, விறகுச் சாம்பல்ல காரம் இருக்குது, எண்ணெய்ப் பிசுக்கோட சேந்தா அதுவே சோப்பு மாதிரி ஆயிரும், பித்தளைக்குப் புளி, அதுல புளிப்பு களிம்பைக் கரைச்சுரும். சோப்புக்குக் காசே செலவு கெடையாது. மிச்சம்னு ஒண்ணு குப்பைக்குப் போனதா எனக்கு ஞாபகமே இல்ல, ராத்திரி மிச்சச் சோத்துல தண்ணி ஊத்துனா காலைல பழையசோறு, வட்டல்ல ஒதுக்குனது கோழிக்கு, அரிசி களைஞ்ச தண்ணி, வடிச்ச கஞ்சி, காய்த் தோலு எல்லாம் கழனித்தண்ணியா கட்டுத்தறிக்குப் போயிரும். இப்ப மாட்டை வித்தாச்சு, கோழி இல்ல, மிச்சம் வெக்கற பழக்கம் மட்டும் அப்படியே இருக்குது. ஆனா அந்தக் காலத்தை நான் ஒசத்திச் சொல்ல மாட்டேன் சாந்தி. புள்ளைக வட்டல்ல வெச்ச மிச்சத்தை அதே வட்டல்ல சோறு போட்டு அம்மாதான் தின்னாங்க, கடைசியா, அடுப்புகிட்ட உக்காந்து. வீணாகாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். நான் அதைச் செய்யறதில்ல, நீயும் செய்யாத, ஊட்டுல இருக்கற பொம்பளை வயிறு கழனித்தாழி இல்ல.

அப்பறம் பள்ளிக்கூடத்துல நான் தெனமும் பாக்கறதச் சொல்றேன். எங்க பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறும் பயறும், வாரத்துல ரெண்டு நாள் பாலு, ஒரு நாள் முட்டை. தின்னு முடிச்சதும் ஒண்ணாங்கிளாஸ் புள்ளை மொதக்கொண்டு அதது வட்டலை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை பக்கெட்டுல தட்டிட்டு, பைப்படில வரிசைல நின்னு கழுவிக் கவுத்து வெச்சுட்டுத்தான் வெளையாடப் போவும். பையன் பொண்ணு வித்தியாசமே கெடையாது, வட்டலோட பின்பக்கம் கூட ஒரு தேய் தேய்ச்சுட்டு வருவானுக. அதே பையனோட அம்மா பேரன்ட்ஸ் மீட்டிங் வந்து ஊட்டுல ஒரு டம்ளரைக் கூட எடுத்து வெக்க மாட்டேங்கறான் டீச்சர்னு சொல்லுது. பள்ளிக்கூடத்துல அவன் பின்னாடி எடுக்க ஆள் இல்ல, அவனுக்கு அது தெரியும். ஊட்டுல ஆள் இருக்கறதும் தெரியும். 2025ல மெனுவை மாத்தி எக் பிரைட் ரைஸ், லெமன் ரைஸெல்லாம் சேத்தாங்கல்ல, அந்த நாள்ல பக்கெட்டுல விழறது ரொம்பக் கம்மி. அதனால மிச்சம் வெக்கறது எல்லாமே திமிருன்னு நான் சொல்ல மாட்டேன், பிடிக்காததை அளவு கேக்காமப் போட்டா புள்ளை என்ன பண்ணும்.

எங்கூட்டுல அதுதான் நடக்குது. அத்தை சோறு போட்டா வட்டல் நெறையப் போட்டாத்தான் பாசம், போதும்னு கையை நீட்டுனா கை மேலயே ஒரு கரண்டி விழும், அப்பறம் மிச்சம் வெச்சுட்டான்னு எனக்குத்தான் பேச்சு. ஒரம்பரை வந்தா கேக்கவே வேணாம். அதனால இப்ப நான் சோத்துப் போசியை மேஜை மேல வெச்சர்றேன், யாருக்கு எவ்வளவு வேணுமோ போட்டுக்கோங்க, எத்தனை வாட்டி வேணா போடுங்க, போட்டதைத் தின்னுருங்கன்னு சொல்லிட்டேன். அதுல மிச்சம் நெசமாவே கொறஞ்சுருச்சு. பத்தாதுன்னு ஒரு நாளும் ஆகல.

கழுவறதுக்குத்தான் பெரிய பேச்சு ஆச்சு. பஞ்சாயத்துல இருந்து குப்பை எடுக்க வர்ற ஹரித கர்ம சேனைப் பொண்ணுங்க மாசம் ஒருக்கா வருவாங்கன்னு சொல்லியிருக்கேன்ல, அம்பது ரூவா வாங்கிட்டு பிளாஸ்டிக்கை எடுத்துட்டுப் போவாங்க, எல்லாம் கழுவிக் காய வெச்சுத்தான் குடுக்கோணும், சோத்து மிச்சத்தை எடுக்க மாட்டாங்க, அது நம்ம ஊட்டுலயே மக்க வெக்கோணும். எங்கூட்டுக்காரரு அதுல ரொம்ப சுத்தம், மில்மா பால் கவரை வெட்டி அலசி கொடில கிளிப் போட்டுக் காய வெப்பாரு. நான் நேராவே கேட்டேன், குப்பைக்குப் போற கவரைக் கழுவற கை நாளைக்கு மறுபடி திங்கப் போற வட்டலைக் கழுவாதாங்கன்னு. அவரு ஒண்ணும் சொல்லல. அத்தைதான், ஆம்பளை எச்ச வட்டலைத் தொட்டா ஊடு வெளங்குமான்னு ஆரம்பிச்சாங்க. அவரோட எச்சல்தானுங்க அத்தை, அவரு தொடாம நான் தொட்டா மட்டும் எப்படிங்க வெளங்கும்னு மெதுவாத்தான் கேட்டேன். ரெண்டு நாள் மொகம் குடுத்துப் பேசல. பேசாட்டிப் போகுதுன்னு நான் விட்டுக் குடுக்கல, அவங்க மருந்து மாத்திரைய மட்டும் நேரத்துக்கு எடுத்துக் குடுத்துட்டேன்.

இப்ப எங்கூட்டு நடைமுறை இதுதான், மிச்சத்தை கம்போஸ்ட் வாளில தட்டோணும், வட்டலை அலசோணும், ராத்திரி வட்டலை அவங்கவங்க தேய்ச்சே வெக்கோணும், சமைச்ச பாத்திரம் நானும் அவரும் மாத்தி மாத்தி. அத்தைக்கு வயசாச்சு, அவங்களது நான் கழுவறேன், அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. சின்னவன் இன்னும் நாலு வாட்டி சொன்னாத்தான் செய்யறான், சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். இட்லித் தட்டு மட்டும் எல்லாரும் ஓடிப் போயிர்ற பாத்திரம். ராமசேரி இட்லி பாத்திருக்கியா, இங்க எலப்புள்ளி பக்கம், மண் வளையத்துல நூல் பின்னி அது மேல துணி விரிச்சு ஊத்துவாங்க, துணில இருந்து எடுத்தா ஒட்டாம வரும். அதைப் பாத்துட்டு நானும் தட்டுல துணி போட்டுத்தான் ஊத்தறேன், துணிய ஒடனே தண்ணில போட்டுட்டா போதும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல ஒரு அறிக்கை போட்டாங்க, புள்ளைகளுக்கு கிளாஸ் எடுக்கறதுக்காகப் படிச்சேன். 2022ல ஒலகத்துல வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல நூத்துக்கு அறுவது ஊட்டுல இருந்துதான் போவுது, ஓட்டல் கல்யாண மண்டபமெல்லாம் அதுக்கு அப்பறம்தான். நம்ம நாட்டுல ஊட்டுக் கணக்கு மட்டும் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ, தோலு எலும்பு எல்லாம் சேத்து. ஒரு நாளைக்கு 150 கிராம் வருது. மத்தவங்க ஊட்டைப் பத்தி எனக்குத் தெரியாது, எங்கூட்டு வாளில விழுந்ததை எடை போட்டா கிட்டத்தட்ட அவ்வளவு இருந்துருக்கும்னு தோணுச்சு.

கல்யாணத்துக்கு ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. சமையல்காரங்க ஆள் உக்கார்றதுக்கு முன்னாடியே எலைல எல்லாத்தையும் பரிமாறி வெச்சர்றாங்க, ஸ்வீட் ரெண்டு, வடை, பொரியல் மூணு, உக்கார்ற பெரியவங்களுக்கு பாதிப் பேருக்கு சுகரு, ஸ்வீட் அப்படியே எலையோட மடிஞ்சு போவுது. ஆள் உக்காந்தப்பறம் கேட்டுக் கேட்டு போடச் சொல்லிப் பேசு, கூட நாலு பேர் பரிமாற வேணும்பாங்க, அந்தக் கூலியக் குடுத்துரு. சின்னப் புள்ளைகளுக்கு சின்ன எலை வெட்டச் சொல்லு. மிச்சத்தை வாங்கிட்டுப் போறதுக்கு பக்கத்துல ஏதாச்சும் ஆசிரமம், இல்லம் இருந்தா முன்னாடியே பேசி வெச்சுக்கோ, சாம்பார் சூடா இருக்கறப்பவே போயிரோணும், சாந்தரம் வரைக்கும் வெச்சுருந்து குடுக்கறது அவங்களுக்கு மரியாதை இல்ல, கெட்டும் போயிரும்.

கவிதாகிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும் இதைப் பேசச் சொல்லு. நகை எத்தனை பவுன்னு பேசறாங்க, யாரு பாத்திரம் கழுவறதுன்னு யாரும் பேசறதில்ல. பேசட்டும், கல்யாணத்துக்கு முன்னாடியே.

நான் முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே கோபாலபுரம் வழியா பஸ்ஸைப் பிடிச்சு வந்துர்றேன், அத்தையப் பாத்துக்க பெரியவளுக்கு லீவு போடச் சொல்லியாச்சு. பட்டுச்சேலை எந்தக் கலர் எடுத்திருக்கன்னு எழுது, அதே கலர்ல நானும் எடுத்துட்டா நல்லா இருக்காது. அண்ணனைக் கேட்டதாச் சொல்லு.

உன்ற
ராஜி
கொழிஞ்சாம்பாறை