பலாலியிலும் காங்கேசன்துறையிலும் இறங்கும் சாப்பாட்டு மிச்சம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை எங்கள் ஒழுங்கை முகப்பில் மாடு ஒன்று கறுப்புப் பொலித்தீன் பையைக் கிழித்துத் தின்றுகொண்டு நின்றது. கலியாண வீட்டு மிச்சம்: சோறு, பருப்பு, வாழைப்பழத் தோல். நான் விரட்டப் போவதற்குள் பாதி முடிந்துவிட்டது. சரி, ஊர்ச் சாப்பாடுதானே, பையை விழுங்காமல் விட்டால் போதும் என்று வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதை அரிக்கிறது. யாழ்ப்பாணத்தில் பலாலியில் இறங்கும் விமானங்களிலும் காங்கேசன்துறைக்கு வரும் கப்பல்களிலும் மிஞ்சும் சாப்பாட்டை யார் எடுக்கிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள்?

இதை வெறும் குப்பை விசயம் என்று தள்ளிவிடக் கூடாது. 1957 இல் லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாட்டு மிச்சத்தைத் தின்ற பன்றிகளிடம்தான் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போர்த்துக்கலுக்குள் நுழைந்தது. ஒருமுறை அடக்கினார்கள், 1960 இல் மறுபடி வந்து ஸ்பெயினுக்கும் பரவி, இரண்டு நாடும் மீள 1990கள் ஆகிவிட்டது. 2007 இல் ஜோர்ஜியாவின் போத்தி (Poti) என்ற துறைமுகத்தில் இறங்கிய கப்பல் கழிவால்தான் அங்கே நோய் வந்தது என்று கருதுகிறார்கள், பிறகு அது ரஷ்யா வழியாக ஐரோப்பாவுக்குள் போனது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. 2024 இல் இலங்கையிலும் வந்துவிட்டது. அந்த வைரசு உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மாடுகளுக்குக் காலிலும் வாயிலும் புண் வைக்கும் கால்-வாய் நோயும் இறைச்சி, பால் மிச்சங்களோடு வரக்கூடியது. பாதி கடித்த பழத்துக்குள் ஈப்புழு இருந்தால் அது நேரே எங்கள் மா, கொய்யாவுக்குத்தான் வரும்.

சாப்பாட்டுக் கடைகளில் வாளி வைத்துக் கழிவெடுத்துப் பன்றிக்குப் போடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தீவனம் விற்கிற விலை அப்படி. ஆனால் வெளிநாட்டுக் கழிவு அந்த வாளிக்குள் ஒரு நாளும் போகக் கூடாது. கடலில் 12 மைலுக்கு அப்பால் கப்பல் சாப்பாட்டுக் கழிவைக் கொட்டச் சர்வதேச விதி இடம் கொடுக்கிறது, விமானத்துக்கு அந்த வழியும் இல்லை, கரைக்கு வருவதை நாங்கள்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒழுகாத மூடிய தொட்டியில் கொண்டுபோய் எரிப்பார்கள், இல்லையென்றால் 100 பாகை செல்சியசில் அரை மணி நேரம் அவிப்பார்கள். எங்கள் நாட்டிலும் 1992 இன் விலங்கு நோய்ச் சட்டமும் 1999 இன் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன, அவற்றை வாசலில் நின்று நடைமுறைப்படுத்த ஆள் வேண்டும்.

2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 இல் நாகபட்டினக் கப்பல் வரத் தொடங்கியது. நல்லது, வரட்டும், எங்கள் பிள்ளைகளும் அதில்தான் வந்து போகிறார்கள். ஆனால் பலாலியைச் சுற்றி இருப்பது செம்மண் தோட்டம். இராணுவம் பிடித்து வைத்திருந்ததால் வருடக்கணக்காக உள்ளே போகவே முடியாமல் இருந்து, விடுவித்த பிறகு பற்றை வெட்டி, கிணறு இறைத்து வெங்காயம் நட்ட காணி.

இரண்டு இடத்திலும் இந்தக் கழிவுக்கென்று பூட்டுப்போட்ட தொட்டியும் எரிக்கும் உலையும் வேண்டும், மிருக வைத்தியரும் விவசாயத் திணைக்களத்தாரும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நாளும் எவ்வளவு எடுத்து எங்கே எரித்தார்கள் என்ற பதிவை நாங்கள் கேட்டால் காட்ட வேண்டும்.

தோட்டக்காரர் ஒருவர்,
வசாவிளான்