உட்கார வைக்கிற சொல்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கிணற்று மோட்டாரில் காயில் கம்பி போய்விட்டது, அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கட்டி வாங்கிவந்து மாட்டுவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது, கத்தரியும் பாதி வாடிவிட்டது. இப்போது தண்ணீர் வருகிறது. அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலியோடு உட்கார்ந்து பழைய கூடையில் வைக்கோல் பரப்பி, கரித்துண்டும் இரண்டு வரமிளகாயும் ஓரமாகப் போட்டு, பதினொரு முட்டை எண்ணி வைத்துச் செவலைக் கோழியை அடை வைத்திருக்கிறார். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், உன் மகள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அந்தக் கூடையில்தான்.

பாப்பா இருபது நாளைக்கு முன்பு போன் பண்ணினாள். கட்டுரையில் 'ஐ செட்டட் தி அலாரம்' என்று எழுதி மார்க் போய்விட்டதாம். "மாமா, செட்டுக்கு இறந்த காலமும் செட்டா? அது என்ன கணக்கு, ஒரே சொல் எல்லாத்துக்கும் வருது?" என்றாள். செட், செட், செட், மூன்று காலத்துக்கும் அதே உருவம்தான், கட், புட், ஹிட் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அது அவள் கேட்டதற்குப் பாதி பதில்தான். ஒரே சொல் எப்படி இத்தனை இடத்துக்கு வருகிறது என்பதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை, மனசு ஆறவே இல்லை.

ரெண்டு நாள் கழித்து அம்மா கோழியைத் தூக்கிக் கூடையில் உட்கார வைத்தபோது சட்டென்று பிடிபட்டது. கோழி உட்கார்ந்தால் சிட். அம்மா அதை உட்கார வைத்தால் செட். ஆங்கிலத்திலும் கோழியை அடை வைப்பதற்கு செட் என்றே சொல்வார்கள். நமக்கு எட்டாம் வகுப்பில் தமிழய்யா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்த தன்வினை, பிறவினைதான் இது! இரு, இருத்து மாதிரி சிட், செட். கிட, கிடத்து மாதிரி லை, லே. விழு, வீழ்த்து மாதிரி ஃபால், ஃபெல். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு அந்த ஃபெல்தான். எழு, எழுப்பு மாதிரி ரைஸ், ரெய்ஸ். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்' என்றால் உட்காரச் செய் என்றுதான் பொருள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைத் தமிழை வைத்தே சொல்லிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், நமக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லையே என்று எனக்கு ரொம்பவே ஆதங்கமாக இருந்தது.

உட்கார வைப்பது என்று பிடித்துக்கொண்டால் பல அர்த்தங்கள் தானாக வரிசைக்கு வந்துவிடுகின்றன. அலாரத்தில் முள்ளை ஆறு மணியில் உட்கார வைக்கிறோம். மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறார் ஆசாரி. முறிந்த எலும்பை அதன் இடத்தில் பொருத்திக் கட்டுகிறார் வைத்தியர். எல்லாம் செட். பரீட்சையில்கூடப் பார், கேள்வித்தாள் தயாரிக்கிற ஆசிரியர் 'செட்' பண்ணுகிறார், எழுதுகிற மாணவர் 'சிட்' பண்ணுகிறார். இதில் ஒரு சிக்கல், சில இடத்தில் யாரும் உட்கார வைக்காமல் தானாகவே செட் ஆகும். பொழுது அடைவது, கான்கிரீட் இறுகுவது, தயிர் உறைவது, 'செட் இன்' என்று சொன்னால் மழைக்காலம் தொடங்கி நிலைத்துவிடுவது. பாப்பாவிடம் இவற்றைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ளச் சொல். பொழுதும் அடைகிறது, கோழியும் அடைகிறது என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறோமே, அதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். பிறகு திருத்தும் வேலையில் 'ரன்' 645 பொருளோடு அதை முந்திவிட்டது. ரன்னை நம் 'ஓடு' என்ற சொல்லோடு வைத்துப் பார்க்கலாம், வண்டி ஓடுகிறது, படம் ஓடுகிறது, மூளை ஓடவில்லை என்று நாமும் சொல்கிறோம். அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆனால் நம் ஊரில் புழங்குகிற செட் பெரும்பாலும் இது இல்லை. பம்பு செட், மைக் செட், பேண்டு செட், பல் செட், செட் தோசை, எல்லாமே சேர்ந்து வருகிற தொகுதி. மோட்டாரும் பம்பும் சேர்ந்தால்தான் பம்பு செட். இந்தச் செட் வந்த வழியே வேறு. லத்தீனில் 'பின்தொடர்வோர் கூட்டம்' என்ற பொருள்கொண்ட ஒரு சொல், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, உட்கார வைக்கிற செட்டின் சாயலும் போகப்போக அதில் படிந்துவிட்டது. 'செட் ஆகல' என்று இப்போது பிள்ளைகள் சொல்வதில்தான் அந்த வினை நம் பேச்சில் இருக்கிறது. அப்புறம் 'செட்டப்'. நாம் சொன்னால் ஏமாற்று வேலை. ஆங்கிலத்தில் கடை தொடங்குவது, கம்ப்யூட்டர் பொருத்துவது, ஒருவரைப் பொய்யாக மாட்டிவிடுவது எல்லாவற்றுக்கும் வரும். வினையாக எழுதும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும், பெயராக வந்தால் சேர்த்து. அதிலும் மார்க் போகும், அதனால் சொல்கிறேன்.

எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு பழைய வருத்தம் உண்டு, உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அப்பாவின் வண்டிப்பாதை வழக்கு நினைவிருக்கிறதா? கீழ்க்கோர்ட்டில் தோற்று, அப்பீல் போய், தீர்ப்பு நகல் தபாலில் வந்தது. நான் அப்போது கல்லூரி இரண்டாம் வருடம், வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கீழ்க்கோர்ட் தீர்ப்பு 'செட் அசைட்' என்று இருந்தது. செட் என்றால் வை, அசைட் என்றால் ஓரமாக, அதனால் "ஒதுக்கி வச்சிருக்காங்கப்பா, அப்புறமா பார்ப்பாங்க போல" என்று சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். வக்கீல் குமாஸ்தா சந்தையில் பார்த்து "என்ன இப்படி இருக்கீங்க, கீழ்க்கோர்ட் தீர்ப்பு ரத்து, நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. பணத்தைச் செட் அசைட் பண்ணினால் எடுத்து வைப்பது. நீதிமன்றம் ஒரு தீர்ப்பைச் செட் அசைட் பண்ணினால் அது இனி செல்லாது. இரண்டு சொல்லையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டினால் பொருள் வராது என்பதை நான் கற்றுக்கொள்ள அப்பாவுக்குப் பத்து நாள் தூக்கம் போயிற்று. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் பாப்பாவிடம் சொல், செட் அப், செட் ஆஃப், செட் அவுட், செட் அசைட் எல்லாவற்றையும் முழுதாகவே, வாக்கியத்தோடு எழுதிப் பழகட்டும். பொருள்களை வரிசையாக எழுதி வைத்து மனப்பாடம் பண்ண வேண்டாம். சந்தேகம் வந்தால் எந்த நேரமும் போன் பண்ணலாம்.

உன் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, மறைக்காமல் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அடை வைத்து இன்றோடு பதினெட்டு நாள், இன்னும் மூன்று நாளில் பொரித்துவிடும் என்று அம்மா கூடைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. சனிக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மாப்ளை