மூதூர் கிழக்குப் பிள்ளைகளுக்கு ஒரு கணினி அறை: உங்கள் பங்களிப்பை வேண்டுகிறோம்

அன்பான ஊர் உறவுகளுக்கும் பழைய மாணவர்களுக்கும்,

வணக்கம். போன மாசியில் எங்கள் குழுவில் ஒருவர் தன்னுடைய மடிக்கணினியை, ஓடுகிற கணினி ஒன்றும் இல்லாத எங்கள் பாடசாலைக்குக் கொண்டுபோனார். பத்தாம் தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்த பிள்ளைகள் 19 பேர். பாடவேளை 40 நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.

கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, தகப்பன் முதல் நாள் விற்ற சூடை மீன், கீரி மீன், நண்டு விலைகளை விரிதாளில் (ஸ்பிரெட்ஷீட்) ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்தாள். கூட்டுத்தொகைக்குச் சூத்திரம் போட்டாள். அப்புறம் நண்டின் விலையை மட்டும் மாற்றச் சொன்னோம். மாற்றினாள். கீழே மொத்தமும் மாறியது. "சேர், இது தன்பாட்டிலேயே மாறுதா?" என்று கேட்டவள், மறுபடி ஒரு விலையைப் போட்டுப் பார்த்தாள். அதற்குள் அடுத்த பிள்ளையின் முறை வந்துவிட்டது.

அவள் விரிதாள் பாடத்தை ஏற்கெனவே படித்து முடித்தவள். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, சூத்திரம் எழுதி, தவணைப் பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தவள். ஓ.எல் (க.பொ.த சாதாரண தர) பரீட்சையும் எழுத்துப் பரீட்சைதான். 0, 1 மட்டும் வைத்து எழுதுகிற துவித எண்ணையும் தர்க்கப் படலையையும் (லாஜிக் கேட்) கரும்பலகையில் படிப்பிக்கலாம். எங்கள் ஆசிரியை அதை அருமையாகவே படிப்பிக்கிறார். ஆனால் எண்ணை மாற்றினால் மொத்தம் மாறும் என்பதைக் கரும்பலகை காட்டாது. தான் எழுதிய கணினி நிரலில் (புரோகிராம்) எங்கே பிழை என்று தேடி, திருத்தி, ஓடவிட்டுப் பார்க்கிற பழக்கமும் கொப்பியில் வராது. கை வைத்துப் பழகாத பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பிடிப்பு வருவதில்லை. இது மூன்றாம் தொகுதிப் பாடம், அதாவது பிள்ளைகள் பல பாடங்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்கிற பாடம் என்பதால், நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட வேறு பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ரவுணில் போய்ப் படிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலைக்குப் போய்வருவது சுலபமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் பஸ் காசும் ரியூசன் காசும் சேர்ந்தால், கூலி வேலைக்குப் போகிற வீட்டில் மாதம் முழுக்கச் சமாளிக்க முடியாது. பெண் பிள்ளைகளைப் பொழுதுபட்ட பிறகு பஸ்ஸில் வரவிடவும் தாய்மார் தயங்குகிறார்கள்.

இந்தக் குழுவில் இருக்கிற எங்களில் பலர் 2006இல் போரில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டகைக்குள் படித்தவர்கள். ஊர் திரும்பியபோது வளவுகளில் காடு வளர்ந்திருந்தது. கிணறு இறைத்து, வீடு கட்டி, தோட்டம் வைத்து முடிக்கவே ஆண்டுகள் போய்விட்டன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடி, பாடமெல்லாம் போனுக்கு மாறியபோதுதான் எங்கள் பிள்ளைகள் எவ்வளவு பின்னால் நிற்கிறார்கள் என்பது உறைத்தது. ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் எங்களுக்குத் தெரியும்.

சரி, முன்பு கணினி வந்ததே இல்லையா? வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நல்ல மனதோடு ஒருவர் ஐந்து பழைய கணினிகள் தந்தார். வயரிங்குக்கு எர்த் இல்லை, கரண்ட் போனால் கணினியைக் காக்கிற யூ.பி.எஸ் இல்லை. ஒரு மாரியில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரண்டு எரிந்தன. கச்சான் காற்றில் புழுதி ஏறி ஒன்று நின்றது. மற்ற இரண்டின் மதர்போர்டையும் உப்புக்காற்று தின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. தந்தவர் மீது பிழை இல்லை. பராமரிக்க ஆளும் காசும் ஒதுக்காமல் வாங்கி வைத்தது எங்கள் பிழை.

அதனால் இந்த முறை அறையிலிருந்து தொடங்குகிறோம். பாவிக்காமல் கிடக்கிற வகுப்பறை ஒன்றை அதிபர் ஒதுக்கித் தந்திருக்கிறார். எர்த்தோடு புதிய வயரிங், கடல் பக்க யன்னல்களுக்குக் கண்ணாடி, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு யூ.பி.எஸ். மேசைகளை ஊர்த் தச்சர்கள் கூலி இல்லாமல் செய்து தருகிறார்கள். பலகை பெற்றோர் தந்தது. வாங்கப் போவது திருத்திப் புதுப்பித்த 12 கணினிகள். இலவச மென்பொருள்களே போதும்: கணினியை இயக்க லினக்ஸ், கடிதமும் விரிதாளும் செய்ய லிப்ரே ஆபிஸ், சின்னப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக ஸ்கிராட்ச். ஸ்கிராட்ச் இணையம் இல்லாமலும் ஓடும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை ஒருமுறை இறக்கி எல்லாக் கணினியிலும் போட்டுவைப்போம். போனில் ஆங்கில எழுத்தை வைத்தே தமிழ் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு, தமிழ் எழுத்துக்கென்றே அமைந்த ரெங்கநாதன் விசைப்பலகையில் நேராகத் தமிழ் தட்டவும் பழக்குவோம். ஊரில் இருந்து போய்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற இரண்டு மாணவர்கள் சனிக்கிழமை வகுப்பை ஏற்றிருக்கிறார்கள்.

செலவுக் கணக்கு இது. கணினி ஒன்று 55,000 ரூபா, 12க்கும் 660,000. யூ.பி.எஸ் ஒன்று 16,000, மொத்தம் 192,000. வயரிங் 85,000. கண்ணாடி, பூட்டு, மின்விசிறி 28,000. எல்லாம் சேர்த்து 965,000 ரூபா. நாங்களும் பெற்றோரும் சேர்த்தது 310,000. இன்னும் 655,000 வேண்டும்.

71,000 ரூபா தந்தால் ஒரு கணினியும் அதன் யூ.பி.எஸ்ஸும் உங்கள் பங்கு. கனடா, லண்டன், சுவிஸில் இருக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தும் ஒன்றை ஏற்கலாம். ஊரில் இருப்பவர்கள் 500 ரூபா தந்தாலும் அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. பழைய மடிக்கணினி இருந்தால் ஓடுகிற நிலையில் இருப்பதை மட்டும் தாருங்கள். பழுதானதை ஏற்றி அனுப்ப வேண்டாம், தயவுசெய்து.

பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கே போக வேண்டும். தனியாள் யார் கையிலும் கொடுக்காதீர்கள், எங்கள் கையிலும்கூட. கணக்கு இலக்கத்தைப் பாடசாலை அலுவலகத்தில் பெறலாம். வரவு செலவு மாதாமாதம் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். அறை தொடங்கிய பிறகும் மாதம் ஒரு சிறு தொகை தரச் சம்மதிக்கிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள்; அதைத் திருத்த வேலைக்கென்று தனியாக வைப்போம்.

ஐப்பசியில் மழை இறங்குமுன் வயரிங்கை முடிக்க வேண்டும். ஆகவே ஆவணி முடிவதற்குள் உங்கள் பங்கைச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினி அறை அமைப்புக் குழு
(பெற்றோரும் பழைய மாணவரும்)
மூதூர் கிழக்கு, திருகோணமலை