கடைசி ஆள் வரும்வரை பந்தலைப் பிரிக்காதீர்கள்: கிராம மாரத்தான் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கமான தென் செபராங் பிறையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நீங்கள் நடத்திய மாரத்தானில் முழுத் தூரம் ஓடிய பெண்களில் நானும் ஒருத்தி. வயது நாற்பத்தொன்பது. பினாங்குத் தீவிலிருந்து நாங்கள் பதினான்கு பேர் வந்திருந்தோம். ஞாயிறுதோறும் தண்ணீர்மலை அடிவாரத்தில் கூடி ஓடுபவர்கள். மலைக்கோயிலின் 513 படிகளை ஏறி இறங்குவதுதான் எங்களுக்குப் பயிற்சி, கொஞ்சம் புண்ணியமும் கூட. ஓட்டம் முடிந்த மறுநாள் எங்கள் அனுபவங்களைத் தொகுத்து உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ‘கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல். பந்தயத்தின் பெயரையும் உங்கள் பெயர்களையும் இதில் எழுதவில்லை. உங்களை ஊரறியச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமன்று.

அந்தப் பாதை எனக்குப் புதியதில்லை. நான் பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். அப்போது அங்கே ரப்பர் மரங்கள் இருந்தன. விடியுமுன் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். அதே மண்சாலையில், அதே இருட்டில், அதே போல நெற்றி விளக்கோடு நான் ஓடப் போனேன். அம்மாவுக்குக் கூலி கொடுத்தார்கள். நான் 110 ரிங்கிட் கட்டணம் கட்டிவிட்டுப் போனேன். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆகவே, நகரத்துச் சொகுசுக்குப் பழகியவள் கிராமத்தில் குறை காண வந்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். கிராமத்தில் எந்தக் குறையும் இல்லை. கம்பத்து மக்கள் விடியற்காலையிலேயே வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டினார்கள். கொம்பாங் மேளம் அடித்த பிள்ளைகள் மூன்று மணி நேரம் ஓயவில்லை. யாரோ ஒருவர் தம் செலவில் கூடை நிறையப் பிசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கி வந்து ஓடுகிறவர்கள் கையில் ஆளுக்கொன்றாகத் திணித்தார். பினாங்குப் பாலத்தில் பலமுறை ஓடியிருக்கிறேன். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் காற்று கிடைக்கும், கைதட்டல் கிடைக்காது. உங்கள் பாதையில் நாங்கள் ஒரு நிமிடமும் தனியாக ஓடவில்லை. அதாவது, இருபத்தைந்தாவது கிலோமீட்டர் வரைக்கும்.

கோளாறு தொடக்கக் கோட்டிலேயே ஆரம்பித்தது. ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய ஓட்டம் ஐந்தே முக்காலுக்குத்தான் புறப்பட்டது. பிரமுகர் வரவில்லை, பிறகு வந்தார், பிறகு பேசினார். உடல்நலத்தின் அருமையைப் பற்றித்தான் பேசினார். அவர் பேசிய ஒவ்வொரு நிமிடமும் யார் கணக்கில் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் ஓடி முடிப்பவருக்கு அந்த முக்கால் மணி ஒரு பொருட்டில்லை. ஒன்பது மணிக்குள் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆறரை, ஏழு மணி நேரம் எடுப்பவர்களுக்கோ அது உச்சி வெயிலில் கூடுதலாக முக்கால் மணி. பினாங்கில் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழும். இங்கே இரவில் ஓடத் தொடங்குவதே அந்த இருட்டுக் குளிர்ச்சிக்காகத்தான். எங்கள் காசில் வாங்கிய இருட்டை ஒரு வரவேற்புரை தின்றுவிட்டது. போதாக்குறைக்கு, சாலையை மீண்டும் வாகனங்களுக்குத் திறக்கும் நேரத்தை நீங்கள் தள்ளிவைக்கவில்லை. பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணி. ஏழு மணி நேரம் என்று விளம்பரம் செய்த ஓட்டத்துக்கு ஆறே கால் மணி நேரம்தான் மிஞ்சியது.

இனி தண்ணீர். இருபத்தாறாவது கிலோமீட்டரில் மேசை இருந்தது, குவளைகள் இருந்தன, தண்ணீர் மட்டும் இல்லை. அங்கே நின்ற இரண்டு பள்ளி மாணவர்களின் முகத்தை நான் மறக்கமாட்டேன். ஏதோ அவர்களே குடித்துத் தீர்த்துவிட்டதைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தவறு அவர்களுடையது இல்லை. அரை மாரத்தான் ஓடுபவர்களை எங்களுக்குப் பின்னால் அனுப்பி, பாதிவழியில் எங்கள் பாதையோடு சேர்த்துவிட்டீர்கள். வேகமாக வந்த அவர்கள் குடித்தார்கள், தலையிலும் ஊற்றிக்கொண்டார்கள். அதில் என்ன தப்பு? ஆளுக்கு இரண்டு குவளை என்று மேசையில் கணக்குப் போட்டால் தாள் ஒத்துக்கொள்ளும், வெயில் ஒத்துக்கொள்ளாது. முன்னால் போகிறவர் அரைக் குவளையோடு ஓடிவிடுவார். பின்னால் வருகிறவர்தான் நின்று, மூன்று குவளை குடித்து, ஒன்றைப் பிடரியில் ஊற்றிக்கொள்வார். தண்ணீர் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை.

பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை ஓட்டங்களில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு பான நிலையம் வேண்டும் என்கின்றன உலகத் தடகள விதிகள். நீங்கள் அதைவிட நெருக்கமாகவே வைத்திருந்தீர்கள். வரைபடத்தில் பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் காலியான நிலையத்தைக் கணக்கில் சேர்க்க முடியுமா?

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. தைப்பூசத்தன்று ஜாலான் உத்தாமாவுக்கு வாருங்கள். தண்ணீர்மலை வரைக்கும் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல்கள். அவற்றை நடத்துபவர்களுக்கு நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனம் எதுவும் கிடையாது. ஆலைத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். அதிகாலையில் வரும் முதல் காவடிக்குக் கொடுக்கும் மோரைத்தான் பொழுது சாய்ந்து வரும் கடைசிக் காவடிக்கும் கொடுக்கிறார்கள். காலையிலேயே ஒருவர் அண்டாவில் பாதியைத் தனியே ஒதுக்கி மூடிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ‘இது பின்னால் வருகிறவங்களுக்கு, தொடாதீங்க’ என்று பிள்ளைகளை அதட்டுவார். உங்கள் தளவாடத் திட்டத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு அதட்டல்தான்.

எங்களைக் காப்பாற்றியதும் கிட்டத்தட்ட ஒரு பந்தல்தான். காலி மேசையைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு சின்ன தோட்டத்து மாரியம்மன் கோயில். அங்கிருந்த பாட்டி ஒருவர் நாங்கள் தள்ளாடி வருவதைப் பார்த்துவிட்டுக் கோயில் குழாயைத் திறந்துவிட்டார். பிறகு வீட்டுக்கு ஓடி, அண்டை வீட்டுக்காரர்களையும் எழுப்பி, வாளியில் மோர் கரைத்துக்கொண்டு வந்தார். உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்ட நீர்மோர். ‘யாரு பெத்த பிள்ளைங்களோ, இப்படிக் காயுதுங்க’ என்று புலம்பிக்கொண்டே ஊற்றினார். காசு நீட்டிய ஒரு சீன இளைஞரைத் திட்டியே அனுப்பினார்.

அந்த உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் இருந்த நிலையங்களிலும் வெறும் தண்ணீர்தான் இருந்தது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு தாழ்ந்திருந்தது தெரியவந்தது. தேவைக்கு மேல் குடித்து எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். உப்புள்ள பானம் மட்டுமே அதற்கு முழுத் தீர்வாகாது. தாகத்துக்கு அளவாகக் குடிக்கச் சொல்லித்தருவதும் வேண்டும். இருந்தாலும் ஏழு மணி நேரம் வியர்த்து ஊற்றுகிறவர்களுக்கு வெறும் தண்ணீரை மட்டும் வைத்தால் போதாது என்பது அந்தப் பாட்டிக்கு ஆய்வு எதையும் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

வழி தவறிய கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிய முச்சந்தியில் ஆளும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. பாலத்தில் யாரும் வழி தவற முடியாது, இரண்டு பக்கமும் கடல். செம்பனைக் காட்டில் எல்லா வரிசையும் ஒரே வரிசைதான். ஒன்பது பேர் நேராகப் போய்விட்டோம். எதிரே வந்த தோட்டத்து மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ‘எங்கே போறீங்க?’ என்று கேட்ட பிறகுதான் திரும்பினோம். என் கடிகாரம் இறுதியில் 44.6 கிலோமீட்டர் காட்டியது. கைக்கடிகாரம் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதை அறிவேன். வளைவுகளில் உள்ளோரமாகவே யாரும் ஓடுவதில்லை என்பதையும் அறிவேன். முறையாக அளப்பவர்கள் அளவுதிருத்திய சைக்கிளில் பாதையை அளந்து, தூரம் குறைந்துவிடாதிருக்க ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ப்பார்கள். 42.195 கிலோமீட்டருக்கு அது 42 மீட்டர்தான். இரண்டு கிலோமீட்டரைக் கடிகாரத்தின் தலையில் கட்ட முடியாது.

அடுத்து எழுதப்போவதை எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இதற்காகத்தான் இந்த மடலே.

முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் எங்களுக்கு முன்னால் ஓடிய ஓர் இளைஞர் திடீரென்று திரும்பி எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினார். கூப்பிட்டால் புரியவில்லை; பேச்சு குழறியது. இரண்டு எட்டில் விழுந்துவிட்டார். எங்கள் குழுவில் ஒருவர் தாதி. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி, புத்தி தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே வேலையில் இறங்கினார். நிழலுக்கு இழுத்தோம், சட்டையைக் கழற்றினோம். ஊற்றத் தண்ணீர்? கோயில் குழாயில் பிடித்துவைத்திருந்த நான்கு போத்தல்கள். அவ்வளவுதான். கையேட்டில் அச்சிட்டிருந்த அவசர எண்ணை அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தவர், ‘எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?’ என்றார். செம்பனை மரத்தடியில் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அம்புலன்ஸ் முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. அதுவும் அதே மண்டோர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழிகாட்டியதால். வண்டி இரண்டுமே முடிவுக்கோட்டில் நின்றிருந்தனவாம். இளைஞர் பிழைத்துக்கொண்டார், மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினார் என்று கேள்விப்பட்டோம். தாதி ஒருவர் அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது உங்கள் ஏற்பாடு அல்ல.

தோட்டத்தில் வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பகுதி எண்கள் உண்டு, ஓரத்தில் பலகையும் உண்டு. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்டால் வரைபடமே கொடுப்பார். அந்த எண்களை உங்கள் பாதை வரைபடத்தில் ஏற்றி, ஓடுபவர்களின் எண்பட்டைக்குப் பின்னால் அவசர எண்ணோடு அச்சிட்டிருந்தால், ‘பதினேழாம் பகுதி’ என்று நான் சொல்லியிருப்பேன். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு அம்புலன்ஸ், ஒரு பெரிய தொட்டி, நிறையப் பனிக்கட்டி வைத்திருக்க வேண்டும். மீன் சந்தையில் கிடைக்காத பொருளா அது?

கழிவறை பற்றி எங்கள் குழுப் பெண்கள் தனியே ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். ஒரு வரி போதும்: ஆண்களுக்குச் செம்பனை மரம் இருக்கிறது, எங்களுக்கு முப்பது கிலோமீட்டருக்கு ஒரேயொரு சூராவின் (சிறிய தொழுகையிடத்தின்) கழிவறைதான் இருந்தது. திறந்துவிட்ட பள்ளிவாசல் பணியாளருக்கு நன்றி.

பன்னிரண்டு மணிக்குச் சாலை திறந்தது. செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஓட்டுநர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஆலையில் இறக்க வேண்டிய நேரம் இருக்கிறது. 2017 டிசம்பரில் கிள்ளானில் நடந்த மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது கார் மோதியதை இந்த நாட்டில் ஓடுகிற யாரும் மறந்திருக்க முடியாது. மஞ்சள் கூம்புகளை முதலில் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனது உங்கள் வாகனம்தான். எங்களைத் தாண்டிச் சென்றே பொறுக்கினார்கள்.

கடைசியாக வந்தவர் எங்கள் குழுவில் எல்லாரும் மாமா என்று கூப்பிடும் பெரியவர். அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. இது அவருக்கு முதல் முழு மாரத்தான். பன்னிரண்டு நாற்பதுக்கு, அதாவது புறப்பட்டு ஆறு மணி ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் அவர் வந்து சேர்ந்தார். நீங்கள் விளம்பரம் செய்த ஏழு மணி நேரத்துக்குள். முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நேரம் காட்டும் கடிகாரம் இல்லை, பதக்கப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள், சாப்பிட வைத்திருந்த நாசி லெமாக்கும் தீர்ந்துவிட்டது. நாங்கள் பதின்மூன்று பேரும் இரண்டு வரிசையாக நின்று அவரை நடுவே ஓடவிட்டோம். ‘பரவாயில்லம்மா, ஓடிட்டேன்ல’ என்றார். காரில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஆண்டும் ஓட்டம் உண்டு என்று அறிவித்திருக்கிறீர்கள். இருபத்தாறாவது கிலோமீட்டரிலும் முப்பத்து மூன்றாவதிலும் இரண்டு தண்ணீர்ப் பந்தல்களை நாங்களே நடத்தித் தருகிறோம். ஆள் எங்களுடையது, அண்டாவும் எங்களுடையது. பனிக்கட்டியும் அம்புலன்சும் நீங்கள் தர வேண்டும். பிரமுகரை முடிவுக்கோட்டில் பேசவைக்க வேண்டும். துப்பாக்கி எத்தனை நிமிடம் தாமதமாக வெடிக்கிறதோ அத்தனை நிமிடம் சாலையும் தாமதமாகத் திறக்க வேண்டும். பாட்டியிடமும் பேசிவிட்டோம். மோருக்கு எத்தனை வாளி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார்.

மாமாவின் பதக்கம் பாக்கி இருக்கிறது. அவர் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன். அவருடைய பதிவு எண்ணையும் ஜோர்ஜ்டவுன் முகவரியையும் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். சாதாரண அஞ்சலில் அனுப்பினாலும் வந்துசேரும்.

இப்படிக்கு,
உங்கள் ஓட்டத்தில் 44.6 கிலோமீட்டர் ஓடிய ஒருத்தி,
பினாங்கு