ஊர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த அறிக்கையை ஊரில் இருப்பவர்களைவிட, பிழைப்புக்காகத் திண்டுக்கல்லுக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட நம் பிள்ளைகளே அதிகம் படிக்கிறார்கள். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி, இந்த ஓடைப் பள்ளத்துக்கு வந்தே ஆண்டுக்கணக்காகிவிட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த செய்திகளையும் சில இடங்களில் சேர்த்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

இந்த ஆண்டின் பெரிய விஷயம் தண்ணீர். 2024 செப்டம்பரில் கிளாவரைக் கிராமத்துக்கு ஓடைத் தண்ணீர் சரியாக வராமல் போகவே, காரணம் தேடிக் காட்டுக்குள் போனவர்கள், கூனிப்பட்டிப் பக்கம் செருப்பன் ஓடை அருகே ஏறத்தாழ 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்து கிடப்பதைக் கண்டார்கள். அதிகாரிகள் வந்து பார்வையிட்டார்கள். தொலைக்காட்சியிலும் செய்தி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான், நம் ஓடையிலும் தண்ணீர் குறைந்திருக்கிறதே, நாமும் ஒரு தடவை ஓடை தொடங்கும் தலைமாடு வரை போய்ப் பார்க்கலாம் என்று நம்மவர்களுக்குத் தோன்றியது.

போனார்கள். பிளவு எதுவும் இல்லை. ஓடைத் தடுப்புக்கு மேலே, வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே ஒளித்துவைத்த கருப்புக் குழாய்கள்தான் இருந்தன. ஆளுக்கொன்றாகப் போட்டு அவரவர் விளைநிலத்துக்குத் தண்ணீர் இறக்கியிருக்கிறார்கள். கீழே பொதுத் தொட்டி வறண்டு கிடந்ததற்கு வானத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம்.

உடனே ஊர்க்கூட்டம் கூடியது. தனிக் குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், தொட்டி நிறைந்த பிறகு முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும், கடைமடை நிலத்துக்கு முதல் முறை என்று முடிவானது. பெரும்பாலானோர் மறுநாளே எடுத்துவிட்டார்கள். மூன்று குழாய்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. யாருடையவை என்று ஊருக்கே தெரியும் என்பதால் இங்கே எழுதவில்லை. அந்த மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

குழாய் மட்டுமே காரணம் என்று சொன்னால் அதுவும் நியாயமில்லை. தலைமாட்டில் ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த இடங்களில் இப்போது வாட்டில் எனப்படும் சீகை மரம் மண்டிக் கிடக்கிறது. புல்லும் சோலையும் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்பது இந்தப் பள்ளத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். சீகை அப்படி விடுவதில்லை. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு காட்டுக்குள் நாமாகப் போய் ஒரு கன்றைக்கூடப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம். சீகையை அகற்றக் கோரி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதமும் அனுப்பிவிட்டோம்.

இந்தத் தண்ணீர் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிருந்து இறங்கி அமராவதி ஆற்றுக்குப் போகிறது. 1957-இல் கட்டிய அணையில் தேங்கி, உடுமலை, தாராபுரம் பக்கத்து வயல்களை நனைத்துக் கரூருக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. நாம் தலைமாட்டுக்காரர்கள் என்ற நினைப்பு குழாய் போடும்போது கொஞ்சம் இருந்தால் நல்லது.

உறைபனி இந்த முறை கடுமை. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் மேட்டுக்காட்டு உருளைக்கிழங்கு தப்பித்து, ஓடையோரத்துப் பீன்ஸும் உருளையும் கருகின. வெயில் ஏறுவதற்கு முன்னால் இலைமேல் தண்ணீர் தெளித்தவர்களுக்குச் சேதம் குறைவு. தெளிக்கத் தண்ணீர் இருந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு, மேலே குழாய் பற்றிச் சொன்ன பத்தியைப் பார்க்கவும்.

பூண்டு பரவாயில்லை. 2024 தொடக்கத்தில் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது ஊரே சிரித்தது. ஆனால் விதைப் பூண்டின் விலையும் அதே வேகத்தில் ஏறியதை அடுத்த நடவில் எல்லோரும் உணர்ந்தோம். பரணில் அடுப்புப் புகை படக் கட்டித் தொங்கவிட்டு, சொந்த விதையைக் காப்பாற்றி வைத்த வீடுகள் கையைக் கடிக்காமல் தப்பித்தன. புது வீடு கட்டிக் கேஸ் அடுப்புக்கு மாறியவர்கள் புகைக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு புகைக்கொட்டகை போடலாம் என்று மகளிர் குழுவினர் சொன்ன யோசனை எனக்குச் சரியாகவே படுகிறது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முயற்சி எடுத்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு இந்த மலை கடன்பட்டிருக்கிறது. ஆனால் குறியீடு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அந்தப் பெயரைப் பயன்படுத்த, விளைவிப்பவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் படிவம் வாங்கிப் போனவர்கள் பலர், நிரப்பித் தந்தவர்கள் சிலர். வடமாநிலப் பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லிச் சாலையோரத்தில் விற்கிறார்கள் என்று டீக்கடையில் கோபப்படுவதைக் காட்டிலும் படிவத்தை நிரப்புவது எளிது. வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டைகளை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பியதில் வாடகை மிச்சமானது. அடுத்த ஆண்டும் தொடரலாம்.

காட்டுமாடு, பன்றித் தொல்லை வழக்கம்போல. இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சங்கமே எழுதிக் கொடுத்தது.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் கட்டாயமானது. அதனால் ஊருக்கு நட்டமா என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். இங்கே வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் வழி தவறி வந்தவர்கள். நட்டமில்லை.

கேரளத்து வட்டவடைக்குச் சாலை கேட்டு வழக்கமாகக் கொடுக்கும் மனுவை இந்த ஆண்டும் கொடுத்தோம். அங்கே பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் காட்டுவழியில் நடந்தே போய்வருகிறார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டால், பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் கொடைக்கானல் போய்ச் சேருவது எவ்வளவு பாடு என்பதை அந்த மனுவிலேயே விரிவாக எழுதியிருக்கிறேன். ஆனாலும் இந்தச் சாலை விஷயத்தில் என் கருத்து வேறு. புதிய சாலை காட்டைப் பிளந்துகொண்டு வருவதைவிட, இருக்கும் சாலையில் மண் சரியும் இடங்களுக்குத் தடுப்புச்சுவர் கட்டச் சொல்லிக் கேட்பதே உடனே பயன் தரும். தலைவர் இதை ஏற்கவில்லை. இரண்டு கருத்தையும் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் கோயில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

கூட்டத்தின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள்: ஒன்று, எஞ்சிய தனிக் குழாய்களை இந்த மாத அமாவாசைக்குள் எடுக்க வேண்டும், தவறினால் சங்கமே எடுக்கும்; இரண்டு, பொதுப் புகைக்கொட்டகைக்கு இடம் ஒதுக்க வேண்டும்; மூன்று, பங்குனியில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும், வராத வீட்டார் ஒரு நாள் கூலியைச் சங்கத்தில் கட்ட வேண்டும். வெளியூரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்படிக்கு,
செயலாளர்