புண் களிம்பில் என்ன மருந்து இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாத புண்களுக்கு ‘நானோ’ களிம்புகள் வந்துவிட்டதாகத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். அவற்றில் எந்த மருந்து இருக்கிறது என்று அச்செய்தி சொல்லவில்லை. நோயாளிக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

இத்தகைய ‘நானோ’ களிம்புகளில் பேசப்படும் லிப்போசோம் என்பது கொழுப்பாலான நுண்குமிழி; அது மருந்தை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டுமே. முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கப்படும் லெசித்தின் போன்ற கொழுப்பைத் தண்ணீரில் விட்டால் அது தானாகவே நுண்குமிழிகளாகச் சுருண்டுகொள்ளும் என்பதை 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் குழுவினர் கண்டறிந்தார்கள். தண்ணீரில் கரையும் மருந்து குமிழியின் உள்ளேயும், கொழுப்பில் கரையும் மருந்து அதன் சுவரிலும் தங்கும்.

இந்த வண்டி புண்ணுக்கு ஏன் தேவைப்படுகிறது? நாட்பட்ட நீரிழிவுப் புண்ணில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருப்பதால், தோலை வளரச் செய்யும் புரதங்களை நேரடியாகத் தடவினால் அவை வேலையைத் தொடங்கும் முன்பே அழிந்துபோகின்றன. கொழுப்புத் துகளுக்குள் வைத்துத் தடவினால் பாதுகாப்பாக இருந்து சிறிது சிறிதாக வெளிவருகின்றன. போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியை லிப்போசோமில் ஏற்றிய களிம்பு, தோல் ஒட்டு வைத்த நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கிறது. நம்மவர்கள் பெரிதும் நம்பும் மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் தண்ணீரில் கரையாது. கொழுப்பில் ஏற்றினால் தோலுக்குள் செல்கிறது. ஆனால் இப்படி ஏற்றிய குர்குமினைப் புண்ணில் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இன்னும் விலங்குகளின் அளவிலேயே நிற்கின்றன. எனவே மஞ்சள் தூளைக் குழைத்துப் புண்ணில் அப்புவதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டக் கூடாது.

மொரீஷியஸில் 20 முதல் 74 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. தைப்பூசத்தன்று வெறுங்காலுடனும், சிலர் ஆணிச் செருப்புடனும், கொதிக்கும் தார்ச்சாலையில் காவடி எடுக்கிறோம்; வேறு விழாக்களில் தீமிதிக்கிறோம். நீரிழிவால் நரம்பு மரத்த பாதத்தில் கொப்புளம் உடைந்தாலும் வலி தெரியாது. சில நாள் கழித்துக் காலுறையில் ஈரமும் நாற்றமும் கண்ட பிறகே மருந்தகத்துக்கு வந்து, ‘ஏதாவது நல்ல களிம்பு கொடுங்கள்’ என்று கேட்கிறவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்த நிலையில் செத்த சதையை அகற்றுவதும், பாதத்தின் மேல் பாரம் விழாமல் பார்ப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதுமே முதல் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. களிம்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதன் முறை அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, வெப்பம். இந்தக் கொழுப்புகளில் பல, சூடுபட்டால் காறிப்போய் மருந்தைக் கசியவிடும். நமது கோடையில் கார் இருக்கையில் கிடந்த களிம்புக் குழாயில் குமிழிகள் சிதையாமல் இருக்கும் என்று எந்த மருந்தாளரும் உறுதி கூற முடியாது.

ஆகவே, இத்தகைய களிம்பின் அட்டையில் உள்ளிருக்கும் மருந்தின் பெயர், அளவு, வைக்கவேண்டிய வெப்பநிலை ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கவேண்டும் என்று சுகாதார அமைச்சு விதிக்கவேண்டும். தங்கள் இதழும் இனி ‘நானோ’ என்று எழுதும்போது மருந்தின் பெயரையும், அது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்தே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்